வெளியேறாத புரதம்

“புரை இன்னும் முத்தேல்லை, முத்தினாப் பிறகு வெட்டுவம்” என்ற பேச்சை உடுவில், சுன்னாகம், மானிப்பாய்ப் பக்கத்து முதியவர்களிடம் இன்றும் கேட்கலாம். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன புத்திமதி இது. கண்வில்லை முழுவதும் வெளுத்து இறுகிய பிறகுதான் அதை மிச்சம் வைக்காமல் எடுக்க அன்றைய கருவிகளால் முடிந்தது. பாதி முற்றிய வில்லையை எடுத்தால் அதன் மெதுவான பகுதி உள்ளே தங்கிக் கண்ணை வீங்கவைக்கும். கருவிகள் மாறிவிட்டன, புத்திமதி மட்டும் வீடுகளில் நின்றுவிட்டது. 1990இல் தொடங்கி மின்சாரம் இல்லாமலும் மருந்து ஒழுங்காக வராமலும் யாழ்ப்பாணக் குடாநாடு கழித்த ஆண்டுகளில் பலருக்குக் காத்திருப்பதைவிட வேறு வழியும் இருக்கவில்லை.

மருதனார்மடம் சந்தையில் கீரைப்பிடி கட்டி வைத்திருந்த ஆச்சி ஒருவரின் வலக் கண்மணி முழுக்க வெண்மையாக இருந்தது.

“கண்ணைக் காட்டேல்லையோ ஆச்சி?”

“மற்றக் கண் தெரியுதுதானே பிள்ளை. நோவும் இல்லை. முத்தட்டும் எண்டு விட்டிட்டன்.”

நோவு இல்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அந்தக் கண் நோகத் தொடங்கும் நாளில் புரை புரையாக மட்டும் இருக்காது. வில்லைக்குள் அடங்கியிருந்த புரதம் வெளியே கசிந்து, கண்ணின் வடிகாலை அடைத்து, அழுத்தம் ஏறும் குளுக்கோமாவாக மாறியிருக்கும்.

கண்ணீரை எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குள்ளே ஓடும் நீரை அறிந்தவர்கள் குறைவு. கதிராளிக்குப் பின்னால் இருக்கும் பிசிருடல் என்ற இழையம் நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை மைக்ரோலீற்றர் தெளிந்த நீரைச் சுரக்கிறது. ஒரு சொட்டு சேர இருபது நிமிடம் எடுக்கும். அவ்வளவு சிறிய அளவு. பாடப்புத்தகங்கள் நீர்மயவுடனீர் என்று சொல்வது இதைத்தான். வில்லைக்கும் விழிவெண்படலத்துக்கும் குருதிக் குழாய்கள் இல்லை. அவற்றுக்கு உணவும் ஒட்சிசனும் கொண்டுபோவதில் பெரும்பங்கு இந்த நீருக்கு உண்டு. கண்மணி வழியே முன்னறைக்கு வந்து, கதிராளியும் விழிவெண்படலமும் சந்திக்கும் மூலையில் நார்கள் பின்னிய ஒரு சிறு வலை ஊடாக வடிந்து, ஷ்லெம் கால்வாயில் இறங்கிக் குருதியில் கலந்துவிடுகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் பெரும்பாலானவர்களில் 10க்கும் 21க்கும் இடையில், பாதரச மில்லிமீற்றர் அளவில், நிற்கும். வெங்காயப் பாத்திக்கு இறைத்தவர்களுக்கு அடுத்ததை விளக்கத் தேவையில்லை: வாய்க்காலின் கடைவாயில் சருகு அடைத்தாலும் பம்பி தன்பாட்டில் இறைத்துக்கொண்டேயிருக்கும்.

இந்த நீரின் தெளிவுக்குக் காரணம் அதில் புரதம் அநேகமாக இல்லாததே. குருதித் திரவவிழையத்தில் இருக்கும் புரதத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. குருதியிலிருந்து புரதம் கசியாதபடி பிசிருடலின் கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி நிற்கின்றன. ஒளி தடையின்றிப் போக வேண்டிய இடம் என்பதால் இந்தக் காவல். ஆனால் அதே கண்ணுக்குள், இரண்டு மில்லிமீற்றர்கூடத் தள்ளாமல், உடம்பிலேயே புரதம் மிகச் செறிந்த உறுப்புகளில் ஒன்று இருக்கிறது. வில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொன்று புரதம். அதன் மையத்தில் இருப்பவை நாம் பிறக்கும் முன்பே உருவானவை; வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படாதவை. எண்பது வயது ஆச்சியின் வில்லையின் நடுவில் எண்பது வயதுப் புரதம்தான் இருக்கிறது.

வயது போகப் போக இவை ஒன்றோடொன்று ஒட்டி மிகப் பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் சில 15 கோடி டால்ற்றனுக்கும் மேற்பட்டவை, அதாவது ஈமோகுளோபின் மூலக்கூறு ஒன்றைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் அதிகமான பாரம். புரை அளவுக்கு மீறி முற்றும்போது வில்லையின் வெளிப்பகுதி பால் போலக் கரைந்துவிடும். மண்ணிறமான மையம் அதற்குள் கீழே அமிழும். வில்லையின் உறையோ கெடாமல் இருப்பது போலத் தோன்றினாலும் கண்ணுக்குத் தெரியாமல் கசியத் தொடங்கும். அந்தப் பெரிய மூலக்கூறுகள் முன்னறைக்கு வந்து வடிகால் வலையில் சிக்கும். அவற்றை விழுங்க ஓடிவரும் வெண்கலங்களும் அங்கேயே உப்பி நிற்கும். பிளவு விளக்கில் இப்படியொரு கண்ணைப் பார்த்தால், வழக்கமாக இருட்டாகத் தெரியும் முன்னறை வழியே ஒளிக்கற்றை வெண்மையாகப் புலப்படும். அதற்குள் கொலஸ்திரோல் பளிங்குகள் மின்னிக்கொண்டு மெல்லச் சுற்றும். நோயாளிக்கு அந்த அழகு தெரியாது. கண் சிவந்து, பாதித் தலை வெடிப்பது போல நொந்து, சத்தி எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.

வடிகால் வலையில் வெண்கலங்கள் உப்பிக் கிடப்பதை 1955இல் நோயியல் அறிஞர்கள் நுண்காட்டியில் கண்டு எழுதினார்கள். வெண்கலங்களின் துணை இல்லாமல் பெரும் புரதம் மட்டுமே வடிகாலை அடைக்கப் போதும் என்பதை 1978இல் டேவிட் எப்ஸ்ரைனும் அவருடைய அமெரிக்க சகாக்களும் காட்டினார்கள். மேல்நாடுகளில் இந்த நோய் அந்தளவில் அரிதாகிவிட்டது, ஏனெனில் அங்கே எவரும் புரையை அவ்வளவு தூரம் விடுவதில்லை. நம் பக்கத்தில் கதை வேறு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1996இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வில்லையால் வந்த குளுக்கோமாவோடு வந்த 93 பேரில் 44 பேருக்கு இந்தப் புரதக் கசிவு வகை. மற்றவர்களுக்கு உப்பிப் பருத்த வில்லையே வடிகால் மூலையை நெரித்திருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோரின் அழுத்தம் 35க்கு மேல். வில்லையை எடுத்துவிட்டால் அழுத்தம் இறங்கும். பார்வையும் பலருக்குத் திரும்பும். எத்தனை நாள் நோவோடு வீட்டில் கிடந்தார்கள் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது.

இன்னொரு புரதம் நோவைக்கூடத் தருவதில்லை. பின்லாந்துக் கண் மருத்துவர் யோன் லின்ட்பேர்க் 1917இல் வயதானவர்களின் கதிராளி விளிம்பில் சாம்பல் நிறத் தூசி படிந்திருப்பதைக் குறித்து வைத்தார். பொய்ச் செதிலுதிர்வு என்று இதைத் தமிழில் சொல்லலாம். கண்மணியை விரித்துப் பார்த்தால் வில்லையின் முகத்தில் நடுவே ஒரு வெண்தட்டும், அதைச் சுற்றிக் கதிராளி உராய்ந்து துடைத்த தெளிவான வளையமும், வெளியே மீண்டும் ஒரு வெண்வளையமும் தெரியும். விரிக்காமல் பார்த்தால் தவறிப்போகும். அவசரக் கிளினிக்குகளில் அப்படித் தவறுவது வழமை. அந்தத் தூசி நுண்ணிய புரத இழைகளால் ஆனது. கதிராளியும் பிசிருடலும் வில்லையும் அதை உண்டாக்குகின்றன. நீரோட்டம் அதை வடிகால் வலைக்கு அடித்துக்கொண்டு போகிறது. இந்தப் படிவு உள்ளவர்களில் மீள்சக்தி நார்களைப் பிணைக்கும் நொதியம் ஒன்றின் பரம்பரை அலகில் குறிப்பிட்ட வேறுபாடுகள் இருப்பதை 2007இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டே சென்னை சங்கர நேத்ராலயா அந்தத் தொடர்பை இந்திய நோயாளிகளிலும் காட்டியது.

நமக்கு இது தூரத்து நோய் அன்று. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் நாற்பது கடந்த 5150 பேரைப் பார்த்த அரவிந்த் ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேரிடம் இந்தப் படிவு இருந்தது. கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆந்திராவில் செய்த ஆய்வு வெயிலில் வெளிவேலை செய்வோரிடம் இது கூடுதலாக இருப்பதைக் கண்டது. செம்மண் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் உடுவில் விவசாயிக்கு ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஆடம்பரம் அல்ல என்பது என் கருத்து.

மேலே சொன்ன இரண்டும் வெளியிலிருந்து வடிகாலுக்கு வந்து சேரும் புரதம். என்னை மிகவும் ஈர்த்தது மூன்றாவது; அது வடிகால் கலங்கள் தாமே செய்வது. மையோசிலின் என்று பெயர். 504 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் பரம்பரை அலகு முதலாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து எட்வின் ஸ்ரோன், வால் ஷெஃபீல்ட் ஆகியோரின் குழு, இளவயதிலேயே குளுக்கோமா வரும் குடும்பங்களில் இந்த அலகு பிழைத்திருப்பதைக் கண்டது. வடிகால் மூலை நெரிபடாத, கோணம் திறந்த குளுக்கோமா வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இந்தப் பிழை இருக்கும். இளவயதில் வந்தவர்களில் பங்கு இன்னும் கூட. சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா ஆய்வுகூடங்களும் இந்திய நோயாளிகளைத் தேடிப்பார்த்து, 48ஆம் இடத்தில் குளூற்றமினுக்குப் பதில் ஹிஸ்ரிடின் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு விகாரத்தைக் கண்டன.

ஒரு பரம்பரை அலகு பிழைத்தால் நாம் முதலில் நினைப்பது, அதன் புரதம் செய்யவேண்டிய வேலை நடக்கவில்லை, அதனால் நோய் என்பதே. ஈமோபீலியாவில் அப்படித்தான். மையோசிலினில் அந்தக் கணக்குப் பொய்த்தது. ஹொங்கொங்கில் 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஒரு முதிய பெண்ணிடம் தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதிகளிலும் 46ஆம் இடத்திலேயே சங்கிலி அறுந்து போயிருந்தது. உருப்படியான மையோசிலின் அவரிடம் இல்லை, குளுக்கோமாவும் இல்லை. அந்த அலகையே நீக்கிய சுண்டெலிகளின் கண்களும் நன்றாகவே இருந்தன. அது இல்லாததால் கண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை. அப்படியானால் பிழைத்த புரதம் என்ன செய்கிறது?

விடைக்கு வழிகாட்டியது கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெரிய குடும்பம் ஒன்று. அங்கே ஒரு பிழைப் பிரதி பெற்றவர்களுக்குக் குளுக்கோமா வந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிழையையே பெற்றவர்கள் நால்வர் நலமாக இருந்தார்கள். 1998இல் வெளியான இந்தச் செய்தி முதலில் வாசிப்பவரைத் திகைக்க வைக்கும். ஒரு பங்கு நஞ்சு கொல்கிறது, இரு பங்கு கொல்லவில்லை என்பது போல. மையோசிலின் மூலக்கூறுகள் தனியாக நிற்பதில்லை, ஒன்றோடொன்று சேர்ந்து கட்டாகின்றன என்பதை நினைத்தால் புதிர் இளகும். நல்லதும் பிழைத்ததும் கலந்த கட்டுகளே அந்தக் குடும்பத்தில் தீங்கு செய்தன என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

தீங்கு நடக்கும் இடம் கலத்தின் உள்ளே. வெளியே அனுப்பவேண்டிய புரதங்களைக் கலம் அகமுதலுருச் சிறுவலை என்ற அறைகளில் வைத்து மடிக்கிறது. சரியாக மடிந்தால்தான் வெளியே விடும். மடியாததை அங்கேயே கண்டுபிடித்து அழித்துவிடும் ஏற்பாடும் இருக்கிறது. பிழைத்த மையோசிலின் மடியவும் இல்லை, வெளியேறவும் இல்லை, அழியவும் இல்லை. நாள்தோறும் சேர்கிறது. அறைகள் உப்புகின்றன, கலம் நெருக்கடிக்குள்ளாகி முடிவில் சாகிறது. வடிகால் வலையின் கலங்கள் தோலின் கலங்களைப் போலத் தாராளமாகப் பெருகி இழப்பை ஈடுசெய்வதில்லை. அவை குறையக் குறைய வலையைத் துப்புரவாக வைத்திருக்க ஆள் இல்லாமல் போகிறது. அழுத்தம் ஏறுகிறது.

இதற்குக் கலங்களே சாட்சி சொன்ன பரிசோதனை ஒன்றை 2004இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். பிழைத்த மையோசிலினை உண்டாக்கும் கலங்களை 37 பாகை வெப்பத்தில் வளர்த்தால் புரதம் உள்ளே தேங்கிக் கலங்கள் இறந்தன. 30 பாகைக்குக் குளிர்வித்தபோது, பல விகாரங்களில், அதே பிழைத்த புரதம் ஓரளவு மடிந்து வெளியேறியது, கலங்களும் பிழைத்தன. சங்கிலியின் பிழை அப்படியே இருக்கிறது, வெளியேற வழி கிடைத்ததும் கொலை நின்றுவிடுகிறது. குளுக்கோமா பற்றி நான் வாசித்தவற்றில் இதைப்போல மனதில் நின்றது வேறில்லை.

மிகுதியான புரதம் கண்ணைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்வதில் இங்கேதான் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நல்ல மையோசிலினைப் பல மடங்கு கூடுதலாகச் சுரக்கும்படி செய்த சுண்டெலிகளுக்கு அழுத்தம் ஏறவில்லை. அளவு கூடியும் அது வெளியேறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் புரதத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பருப்பும் மீனும் முட்டையும் கண்ணின் வடிகாலை அடைப்பதில்லை.

மையோசிலின் முதலில் ஆய்வுகூடத்தில் தலைகாட்டியது ஸ்ரெரோயிட் மருந்தின் வழியாகத்தான். டெக்சாமெதசோன் போட்டு வளர்த்த வடிகால் கலங்கள் ஒரு புரதத்தை வழக்கத்தைவிட மிகக் கூடுதலாகச் செய்வதைக் கலிபோர்னியாவில் யோன் பொலான்ஸ்கியின் ஆய்வுகூடம் கண்டது, அதுவே மையோசிலின். ஸ்ரெரோயிட் சொட்டு மருந்தால் அழுத்தம் ஏறுவதற்கும் இதுவே காரணம் என்று அப்போது நினைத்தார்கள். இன்றைய விளக்கம் வேறு. ஸ்ரெரோயிட் பட்ட கலங்கள் ஃபைப்ரோநெக்ரின் போன்ற நார்ப் புரதங்களை வலைக்குள் சேர்த்துக்கொண்டே போகின்றன. குப்பையை விழுங்கும் வேலையில் பின்தங்குகின்றன. தம் உட்சட்டகமும் விறைத்துப்போகின்றன. இங்கும் புரதத் தேக்கமே, ஆனால் கலத்துக்கு வெளியே.

ஆய்வுகூடத்தின் உட்பூசல் எப்படியிருந்தாலும் நம் வீட்டு அலுமாரிக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மாசி, பங்குனியில் செம்புழுதி எழும்பும்போது பிள்ளைகளுக்குக் கண் கடிக்கும். கசக்கிக் கசக்கிச் சிவக்கும். ஒருமுறை மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து நல்ல சுகம் தந்திருக்கும். பிறகு அதே பெயரைச் சொல்லிப் பாமசியில் வாங்குவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும் நடக்கிறது. அது ஸ்ரெரோயிட் சொட்டாக இருந்தால், சில கிழமைகள் விட்டதில் மூன்றிலொரு பங்கினருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றுக்கு ஐந்து பேருக்கு அபாயகரமாக ஏறும். சிறுவர்கள் இன்னும் எளிதில் அகப்படுவார்கள். கடி நின்றுவிடும்; அழுத்தம் ஏறுவது தெரியாது. இது முழுக்கத் தடுக்கக்கூடிய குருடு என்பதால் எனக்கு இதில் கோபமே வருகிறது.

அழுத்தம் ஏறினால் எது கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணின் பின்சுவரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு நார்கள் ஒன்றுகூடி, துளைகள் நிறைந்த ஒரு தட்டு வழியே மூளைக்குப் புறப்படுகின்றன. அந்த வாசலில்தான் அவை நெரிபடுகின்றன. ஓரத்துப் பார்வை முதலில் போகும், நேர்ப்பார்வை கடைசிவரை இருக்கும். கே.கே.எஸ் வீதியில் சைக்கிளில் போகிறவர் முன்னால் வரும் பஸ்ஸைப் பார்ப்பார்; ஒழுங்கையிலிருந்து வரும் மோட்டார் சைக்கிளைப் பார்க்கமாட்டார். போன நார்கள் திரும்பி வருவதில்லை. மேலே சொன்ன தென்தமிழ்நாட்டு ஆய்வில், கோணம் திறந்த குளுக்கோமா இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பது அதுவரை கண்டறியப்படவேயில்லை.

உடுவிலுக்கு அயலான மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், 1851இல், ஜேர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறம் பார்க்கும் கருவியைச் செய்தார். அந்தக் கருவியால்தான் நெரிபட்ட பார்வை நரம்பை உயிரோடுள்ள மனிதரில் முதன்முதலாகக் காண முடிந்தது. கிறீன் பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தார். அப்போது அவருடைய மாணவர்களிடம் குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து ஒன்றும் இருக்கவில்லை.

இன்று இருக்கிறது. பெரும்பாலானவை நீர் சுரப்பதைக் குறைப்பவை, அல்லது லற்றனோபுரொஸ்ற் போல வேறொரு வழியே நீரை வடியவைப்பவை. அடைபட்ட வலையிலேயே வேலை செய்யும் நெற்றார்சுடில் 2017இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புரதத் தேக்கத்தையே குறிவைக்கும் முயற்சிகள் சுண்டெலிகளில் நடந்திருக்கின்றன. பிறவி யூரியாக் கோளாறு ஒன்றுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவரும் ஃபினைல்பியூற்றிரேற் என்ற மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது, மடியாத மையோசிலின் தேங்குவது குறைந்து அழுத்தமும் இறங்கியது. அயோவாக் குழுவின் அந்த ஆய்வு 2011இல் வந்தது. 2017இல் அதே வழி வந்தவர்கள் கிறிஸ்பர் முறையால் பிழைத்த அலகையே வெட்டி முடக்கினார்கள். பல பரம்பரை நோய்களில் அலகை வெட்டினால் அதன் இடத்தில் நல்லதை வைக்க வேண்டும். மையோசிலினில் வெட்டினால் மட்டும் போதும். அது இல்லாமலும் கண் இயங்கும் என்பதை அந்த ஹொங்கொங் பெண் காட்டியிருந்தார். மனிதக் கண்ணின் வடிகால் கலங்களுக்கு மட்டும் அந்தக் கத்தரியைப் பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே மீதிப் பாடு.

அதுவரை நம் கையில் இருப்பது பரிசோதனை. நெதர்லாந்தின் ரொற்றர்டாம் ஆய்வில், குளுக்கோமா உள்ளவரின் உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்பது மடங்கு. ஆகவே வீட்டில் ஒருவருக்கு என்று தெரிந்தால், அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோரும் கிளினிக்குக்குப் போய், அழுத்தம் அளந்து, கண்மணியை விரித்துப் பார்வை நரம்பையும் வில்லையின் முகத்தையும் பார்க்கும்படி கேட்க வேண்டும். கண்மணி விரித்தால் அரைநாள் எழுத்துத் தெரியாது, வெளிச்சம் கூசும். கூட்டிவர ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். முன்பு விட்ட சொட்டு மருந்துப் போத்தல்களையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.